டிஸ்க் பிரேக் பேடு மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பைக்கில் புது பேடு போட்ட பிறகு பிரேக் முன்பைவிட மோசமாகப் பிடித்தால், முதல் சந்தேகம் பேடு மேல்தான் விழும். டூப்ளிகேட் சரக்கு என்று முடிவுகட்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத் திரும்புவதற்கு முன், பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைப் பாருங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டனில் அழுக்கு, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடர் பின் காய்ந்துபோனது, இன்னும் டிஸ்க்கோடு படிந்து செட் ஆகாத பேடு: பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். மூன்றையுமே வீட்டு வாசலில் வைத்துச் சரிசெய்யலாம்.

இங்கே சொல்வது, முன்சக்கரத்தில் ஒற்றை டிஸ்க்கும், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து ஸ்லைடர் பின் மேல் நகரும் காலிப்பரும் உள்ள வண்டிகளுக்கு. பல்சர் 150, யூனிகார்ன், கிளாசிக் 350 போன்றவை இந்த வகை. இரண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கும் காலிப்பருக்கு ஸ்லைடர் பின் பற்றிய பகுதி மட்டும் பொருந்தாது. 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்பட்ட, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கும். பேடு மாற்ற அது தடையில்லை. ஆனால் ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் கப்பைக் காலியாக விட்டுக் காற்று ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நுழைந்துவிட்டால், சில வண்டிகளில் டயக்னாஸ்டிக் கருவி இல்லாமல் அதை வெளியே எடுக்க முடியாது.

பேடு போடும்போதே முடிக்க வேண்டியவை

பேடின் உராயும் பகுதி 2 மி.மீ.க்கு வந்தால் புதுசு வாங்கி வையுங்கள். 1 மி.மீ. என்பது பல கையேடுகள் சொல்லும் கடைசி எல்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 4 மி.மீ. டிஸ்க்குக்குப் பெரும்பாலும் 3.5. வெர்னியரில் அளக்கும்போது விளிம்பில் தேயாமல் நிற்கும் உதட்டை அளக்காமல், பேடு உராயும் பாதையில் அளக்க வேண்டும். உதட்டை அளந்து நல்ல டிஸ்க் என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பர் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும்போதே பேடு பின்னைத் தளர்த்திவிட வேண்டும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல் கீ போட்டுத் திருகினால் வழுக்கித் தலை மழுங்கும். பிறகு காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, காலிப்பரை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது.

அடுத்த வேலையைத்தான் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். பழைய பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து, அதன் பக்கச் சுவரில் பிரேக் தூசியும் சேறும் கருப்பாக இறுகிப் படிந்திருக்கும். அப்படியே உள்ளே தள்ளினால் அந்த அழுக்கு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தள்ளுவதற்கு முன் பழைய பேடுகளுக்கு நடுவில் ஒரு மரத்துண்டை வைத்து, லீவரை ஒன்றிரண்டு முறை மெதுவாக அழுத்திப் பிஸ்டனை இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுவாருங்கள். மரத்துண்டு இருந்தால் பிஸ்டன் முழுவதும் வெளியேறிவிடாது. பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரோ பிரேக் கிளீனரோ தொட்டுச் சுற்றிலும் தேயுங்கள். பின்பக்கச் சுவர் கண்ணுக்குத் தெரியாது; ஒரு துணிப்பட்டையைப் பிஸ்டனுக்குப் பின்னால் விட்டு இரண்டு நுனியையும் பிடித்து மாறிமாறி இழுத்தால் அங்கேயும் பளபளப்பு வரும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் இங்கே வேண்டாம். அவை பட்டால் பிரேக் சீலின் ரப்பர் ஊதிவிடும். தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அது நுரையீரலுக்கு ஆகாது, நனைத்துத் துடைப்பதே சரி.

சுத்தமான பிஸ்டனில் புது பிரேக் ஆயிலை மெலிதாகத் தடவி, பழைய பேடை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராகத் தள்ளுங்கள். நல்ல பிஸ்டன் கை பலத்துக்கே உள்ளே போகும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பத்தான் வேண்டும் என்றால் அதுவே ஒரு அறிகுறி, கீழே வருகிறேன். பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே கப்பில் ஆயில் ஏறும். மூடியைக் கழற்றி ஒரு துணியைச் சுற்றிக் கட்டி வையுங்கள். தேவைப்பட்டால் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பெட்ரோல் டேங்க்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஸ்லைடர் பின் இரண்டையும் உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் மெலிதாகப் பூசுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையை ஊதவைத்துப் பின்னை இறுக்கிவிடும். முடித்தபின் காலிப்பரும் பிராக்கெட்டும் ஒற்றை விரல் தள்ளலில் நகர வேண்டும். பேடு ஸ்பிரிங், ஷிம் (பேடின் முதுகில் இருக்கும் மெல்லிய தகடு) எல்லாம் பழைய இடத்திலேயே உட்காரட்டும், கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது. காலிப்பர் போல்ட் 8 மி.மீ. என்றால் பெரும்பாலும் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது.

வண்டியைத் தரையில் இறக்கும் முன் லீவர் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் பேடைத் தொடப் பல அழுத்தல்கள் தேவைப்படும். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது.

பேடை செட் செய்வது

பழைய டிஸ்க்கில் மெல்லிய வரிப்பள்ளங்கள் இருக்கும். புது பேடு தட்டையாக இருப்பதால் முதலில் மேடுகளை மட்டும்தான் தொடும். அந்தப் பள்ளமேட்டுக்கு ஏற்ப பேடு தேய்ந்து படிய வேண்டும். அதோடு பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஏற வேண்டும். அந்தப் படலம் சீராக ஏறினால்தான் முழுப் பிடிப்பு. பேடில் உள்ள ரெசின் முதல் சூட்டில் வாயு விடும் என்பதால், செட் ஆகாத பேடில் திடீரென்று அழுத்தமாகப் பிடித்தால் வழுக்கும்.

காலியான, காய்ந்த, நேரான சாலை வேண்டும். டிஸ்க்கை பிரேக் கிளீனரில் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முன் பிரேக் மட்டும், நடுத்தர அழுத்தத்தில் எட்டு முதல் பத்து முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 200, 300 மீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். அடுத்து 60லிருந்து 10 வரை, கொஞ்சம் அழுத்தமாக, நான்கைந்து முறை. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்க வேண்டாம். எந்த முறையும் வண்டியை முழுதாக நிறுத்தி லீவரைப் பிடித்தபடி நிற்காதீர்கள். சூடான பேடு ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே மட்டும் படலம் தடித்துவிடும். கடைசியாக ஐந்து நிமிடம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அடுத்த 150, 200 கி.மீ. வரை அவசரம் தவிர முழு பலத்தில் பிடிக்க வேண்டாம்.

இனி அறிகுறிகள்.

லீவர் மெத்தென்று இருக்கிறது

பேடு மட்டும்தான் மாற்றினீர்கள், ஹோஸ் எதையும் திறக்கவில்லை என்றால் உள்ளே காற்று போயிருக்க வாய்ப்பு குறைவு. வரி விழுந்த டிஸ்க்கில் புது பேடு முழுதாகப் படியாததே காரணமாக இருக்கும். முதலில் செட் செய்து பாருங்கள், பல வண்டிகளில் அதிலேயே லீவர் கெட்டியாகிவிடும். எடுத்த எடுப்பில் ப்ளீடிங் (ஆயிலோடு காற்றை வெளியேற்றும் வேலை) செய்யக் கிளம்ப வேண்டாம்.

செட் ஆன பிறகும் மெத்தென்றே இருந்தால் காற்றுதான். ஹேண்டில்பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பகுதி) மேலாக நிற்கும்படி வைத்து, லீவரை ரப்பர் பேண்டால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி இரவு முழுக்க விட்டால் சின்னக் குமிழிகள் மேலேறிவிடும். போதவில்லையென்றால் காலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, அதன் நுனியைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவையுங்கள். லீவரை அழுத்திப் பிடித்து, ரிங் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்றே திரும்ப உள்ளே வரும். பழைய வண்டியில் லீவரைக் கைப்பிடிவரை அழுத்தாமல் நடுவில் ஒரு சின்ன மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் சீல் பல வருடமாகப் போகாத, துரு படிந்த பகுதிக்குப் போனால் கிழியும்.

லீவரை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் லீவர் மெதுவாக உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அதன் சீல் கிட்டை மாற்றுவதுதான் வழி.

முதல் அழுத்தலில் உள்ளே போய், இரண்டாவதில் கெட்டியாகிறது என்றால் வேறு கதை: ஓடும்போது ஏதோ ஒன்று பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, டிஸ்க் கோணியிருக்கிறதா பாருங்கள்.

லீவர் கல் மாதிரி, வண்டி நிற்கவில்லை

ஹைட்ராலிக் பக்கம் கோளாறு இல்லை. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில்தான் பிரச்சினை. இன்னும் செட் ஆகாமல் இருக்கலாம், பேடு மேல் கண்ணாடிபோல் பளபளப்பு ஏறியிருக்கலாம், எண்ணெய் பட்டிருக்கலாம்.

பளபளப்பு என்றால் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் 120 நம்பர் எமரி ஷீட்டை விரித்து, ஈரமாக, பேடைத் தட்டையாக வைத்து மங்கும்வரை தேயுங்கள். டிஸ்க்கையும் அதே எமரியால் வட்டமாகத் தேய்த்துத் துடைத்து, செட் செய்வதை முதலிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது. அடுப்பில் சுட்டெடுக்கும் வித்தையை நம்பாதீர்கள். மேலே காய்ந்து, அடுத்த சூட்டில் உள்ளிருந்து மறுபடியும் எண்ணெய் ஊறும். தூக்கிப் போட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வாட்டர் வாஷ் கடைகளில் கழுவியபின் வண்டி அடியில் டீசல் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பின் டிஸ்க் என்றால் செயின் ஸ்ப்ரே. முன் டிஸ்க் என்றால் ஃபோர்க் ஆயில் சீல். ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், எண்ணெய் ஒட்டினால் சீலை மாற்றும்வரை எந்தப் புது பேடும் நிலைக்காது.

சக்கரம் இறுகுகிறது, டிஸ்க் கொதிக்கிறது

மைலேஜ் குறையும், வண்டியைத் தள்ளினால் கனக்கும், பத்து கி.மீ. ஓட்டியபின் டிஸ்க் பக்கம் சூடு அடிக்கும். தொட்டுப் பார்க்காதீர்கள், இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறுவதே போதும். மெலிதான உரசல் சத்தம் எந்த டிஸ்க் பிரேக்கிலும் இருக்கும், அது கோளாறில்லை. முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, கையால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் ஒரு சுற்றாவது போக வேண்டும்.

போகவில்லையா? லீவரை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, சக்கரம் இறுகியிருக்கும்போதே நிப்பிளில் டியூபை மாட்டிக் கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் மேலே திரும்ப வழியில்லாமல் மாட்டியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் அல்லது ஹோஸ் பக்கம் தேட வேண்டும். திறந்தும் இறுக்கம் அப்படியே இருந்தால் பிஸ்டனோ ஸ்லைடர் பின்னோ ஒட்டியிருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும். முடித்ததும் நிப்பிளை மூடி, ஆயில் அளவைச் சரிபார்த்துவிடுங்கள்.

மேல்பக்கம் (மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ்) என்றால் முதலில் கப்பைப் பாருங்கள். தேய்ந்த பேடோடு இருந்தபோது மேல் கோடுவரை ஆயில் ஊற்றியிருந்தால், புது பேடு போட்டதும் கப் நிரம்பி வழியும் நிலைக்கு வந்திருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்கு இடமில்லாமல் அது பேடை அழுத்தும். சூடானபின் மட்டும் இறுகுகிறது, ஆறினால் சரியாகிறது என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். அடுத்து லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். மாடல் மாறிய லீவர், வளைந்த ஹேண்ட் கார்டு, காய்ந்த லீவர் போல்ட் எல்லாமே மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை ஒரு நூலளவு அழுத்தியே வைத்திருக்கும். லீவருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும்.

அதுவும் சரியென்றால் கப்பின் அடியில் உள்ள திரும்பும் துளை. இரண்டு துளைகளில் ஊசிமுனை அளவே உள்ள சின்னது அது. மூடியைத் திறந்து, கண்ணைத் தள்ளி வைத்து, லீவரை மயிரிழை அளவு அசையுங்கள். துளை திறந்திருந்தால் ஆயில் மேற்பரப்பில் ஒரு குட்டி ஊற்று எழும்பும். எழும்பவில்லையென்றால் அடைப்பு: மழைத் தண்ணீர் புகுந்த பழைய ஆயில் கூழாகி உறைந்திருக்கும். எலக்ட்ரிக் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கி, முழு ஆயிலையும் மாற்றுங்கள்.

கீழ்ப்பக்கம் (பிஸ்டன், ஸ்லைடர் பின்) என்றால் பிஸ்டனைத் தள்ள எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் எதுவும் இல்லை. அழுத்தத்தில் வளைந்த சதுர சீல் நிமிரும்போது அதோடு பிஸ்டனும் வரும். அழுக்கு மாட்டினாலோ சீல் கெட்டிப்பட்டாலோ அந்த இழுப்பு போய்விடும். சுத்தம் செய்தும் ஒட்டினால் காலிப்பர் சீல் கிட் மாற்ற வேண்டும். பிஸ்டன் சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் பிஸ்டனும் சேர்த்து. குழி விழுந்த பிஸ்டன் புது சீலையும் அறுக்கும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே வரும்.

சத்தம்

கீச்சென்ற கூரிய சத்தம், பேடு அதிர்வதால். ஷிம்மோ பேடு ஸ்பிரிங்கோ விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேடின் இரண்டு ஓரங்களையும் 45 டிகிரியில் 1 மி.மீ. சரித்து அரத்தால் தேய்ப்பது பல நேரம் பலன் தரும். பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்தில் மட்டும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், பருப்பளவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவெல்லாம் நனைந்த வண்டி காலையில் முதல் சில பிரேக்குக்குக் கத்தினால் அது டிஸ்க்கின் மேல்துரு, தானே தேய்ந்துவிடும்.

கரகரவென்று இரும்பு உராயும் சத்தம் வந்தால் ஓட்டாதீர்கள். பேடு முடிந்து தகடு டிஸ்க்கைத் தின்கிறது, அல்லது கல் மாட்டியிருக்கிறது. புது பேடு போட்ட உடனே இந்தச் சத்தம் என்றால் ஒரு பேடு திருப்பிப் போடப்பட்டிருக்கும்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் துடிக்கிறது

ஏபிஎஸ் வேலை செய்யும்போது துடிப்பது இயல்பு. மென்மையாகப் பிடித்தாலும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை துடித்தால் டிஸ்க் கோணல் அல்லது சீரில்லாத படலம். ஃபோர்க்கில் ஒரு கம்பியைக் கட்டி நுனி டிஸ்க்கைத் தொடும் தூரத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். பல கையேடுகளில் எல்லை 0.3 மி.மீ. கோணல் இல்லையென்றால் எமரி தேய்த்து மறுபடி செட் செய்யுங்கள், படலம் சீராகும். கோணியிருந்தால் டிஸ்க் போல்ட்டுகளின் இறுக்கத்தையும், டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையில் துரு படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்தபிறகே புது டிஸ்க் வாங்குங்கள்.

ஒரு பேடு மட்டும் தேய்கிறது

பிஸ்டன் பக்கத்துப் பேடு வேகமாகத் தேய்ந்தால் ஸ்லைடர் பின் நகரவில்லை. ஒரே பேடு ஆப்புபோல் சரிவாகத் தேய்ந்தால் இரண்டு பின்னில் ஒன்று இறுகியிருக்கிறது. பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் கிரீஸ் போதாது, பின்னையே மாற்ற வேண்டும்.

மலை இறக்கத்தில் பிரேக் காணாமல் போகிறது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்த பேடும் கொதிக்கும். லீவர் கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் பேடு சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. லீவர் தளர்ந்து உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் விட்டிருக்கிறது, இதுதான் அதிக ஆபத்து. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவுகோல் 155க்கு இறங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதனால்தான். டாட் 5 சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்கவே கூடாது.

ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிறகு இரண்டாம் கியரில், இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். ஊர் வந்ததும் முழு ஆயிலையும் மாற்றுங்கள்.

காலிப்பர் ஈரமாக இருக்கிறது

ஃபோர்க் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று தெரிய ஒரு துணியில் ஒற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் பிழியுங்கள். மேலே மிதந்தால் ஃபோர்க் ஆயில். தண்ணீரோடு கலந்து மறைந்தால் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் என்றால் ஹோஸ் போல்ட்டின் இரண்டு வாஷரையும் பாருங்கள். ஒருமுறை கழற்றிய வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும், இரண்டும் புதிதாக வேண்டும். நிப்பிள் என்றால் அளவாக இறுக்கிப் பாருங்கள், அதன் திருகு மெல்லியது. பிஸ்டனைச் சுற்றி ஊறினால் சீல் கிட். கசிவை நிறுத்தி, ஆயில் விட்டு, ப்ளீடிங் முடித்து, லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்தும் காய்ந்த இடம் காய்ந்தே இருந்தால்தான் வண்டியை வெளியே எடுக்கலாம். பிரேக் ஆயில் பட்ட பேடுகளை அதற்குள் மாற்றியிருக்க வேண்டும்.